ஒரு முறம் தவிடு

வடக்குத் தோட்டம்,
நாமகிரிப்பேட்டை,
12-4-1981

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

சௌந்திரம் வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே அம்மா, அய்யன், நான், இரண்டு எருமைகள் எல்லாரும் சுகம். மூன்றாவது எருமை மட்டும் என்னோடு பேசுவதில்லை. அங்கே அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அஸ்தம்பட்டியில் தண்ணீர் வருகிறதா?

மாமா, எனக்குப் பேறுகாலச் செவிலிப் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது! ஈரோட்டில் ஒன்றரை வருடம், விடுதியிலேயே தங்கிப் படிக்க வேண்டும். இது நான்காவது மனு. தபால்காரர் உறையைக் கொடுத்தபோது மஞ்சள் காட்டில் நின்றிருந்தேன். அங்கிருந்து வீடு வரை ஓடியதில் ஒரு செருப்பு வாய்க்காலோடு போய்விட்டது. போகட்டும்.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை. ஜூலை முதல் தேதியன்று இருபத்தைந்து வயது தாண்டியிருக்கக் கூடாதாம். என் பள்ளிச் சான்றிதழில் 1-6-1956 என்று இருக்கிறது. ஒரே ஒரு மாதம் தாண்டுகிறது மாமா! நான் பிறந்தது அந்த வருடத் தீபாவளி கழிந்த வாரம் என்று அம்மா சொல்கிறாள். பள்ளியில் சேர்த்தபோது என் கை தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடவில்லை. வாத்தியார் என் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துத் தொடவைத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிற ஜூன் ஒன்றாம் தேதியையே எனக்கும் போட்டுவிட்டார்.

பிறப்புப் பதிவின் நகலை ஜூன் 20-க்குள் கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்வார்களாம். பழைய ரிஜிஸ்தர்கள் எல்லாம் உங்கள் ஆபீஸ் பதிவறையில்தானே இருக்கின்றன?

எனக்கு முன்னால் அம்மாவுக்கு மூன்று தவறியது உங்களுக்குத் தெரியும். பிறந்த சில நாளிலேயே காய்ச்சல் வரும், ஆள் அனுப்பி மருத்துவச்சி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்பாள். அதனால்தான் எனக்கு இந்த வேலை. இது கிடைக்காவிட்டால் ஆவணியில் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரருக்கு என்னைக் கட்டிக்கொடுப்பதாக அய்யன் வாக்குக் கொடுக்கப் போகிறார். மாப்பிள்ளை நல்லவராகவே இருக்கட்டும். எனக்கு வேண்டாம்.

உங்கள் காலைத் தொட்டு,
சௌந்திரம்


அஸ்தம்பட்டி, சேலம்,
20-4-1981

சௌபாக்கியவதி சௌந்திரம் அம்மணிக்கு,

மாமன் மருதாசலம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சுகம். முழங்கால் வலி இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறுதல் உத்தரவு பெற்றுப் போயிருக்கிறது.

கடிதத்தை உன் அத்தைக்கு இரண்டு தரம் உரக்கப் படித்தேன். அவள் உடனே அடுப்பில் சர்க்கரைப் பொங்கல் வைத்துவிட்டாள்.

பதிவேட்டைப் பற்றி நீ துளியும் கவலைப்பட வேண்டாம். இருபத்தோரு வருடமாக அந்த அறையில் தூசி குடிக்கிறேன். மனிதன் பொய் சொல்வான், ஜாதகம் பொய் சொல்லும், ரிக்கார்டு பொய் சொல்லாது. இத்துடன் உள்ள மனுவில் கையெழுத்திட்டு அனுப்பு. மாமன் ஆயிற்றே என்று மனு இல்லாமல் தேட மாட்டேன். விதி விதிதான்.

உன்னைத் தவிட்டுக்கு வாங்கியதாக உங்கள் அய்யன் ஊரெல்லாம் சொல்வாரே! அது மெய்யானால் பிறப்புப் பதிவேட்டில் தேடிப் பயனில்லை, சந்தைப் பதிவேட்டில்தான் தேட வேண்டும்.

செருப்பு வாங்கிக்கொள்.

ஆசிகளுடன்,
மருதாசலம்


ந.க.எண். 412/81
நாள்: 4-5-1981

பொருள்: பிறப்புப் பதிவு – தேடுதல் – தொடர்பாக.
பார்வை: மனுதாரர் திருமதி/செல்வி சௌந்திரம் அவர்களின் மனு, நாள் 24-4-1981.

பார்வையில் காணும் மனுவில் கோரியவாறு மேற்படி கிராமத்தின் 1956, 1957 ஆகிய ஆண்டுகளின் பிறப்புப் பதிவேடுகள் பரிசீலிக்கப்பட்டன. சின்னண்ணன் – வள்ளியாத்தாள் தம்பதியருக்குக் குழந்தை பிறந்ததாகப் பதிவு எதுவும் காணப்படவில்லை என மனுதாரருக்கு இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.

(ஒப்பம்) அலுவலருக்காக

அம்மணி, இந்தத் தாளை நானே தட்டச்சு செய்து நானே உறையில் போட்டேன். கை வரவில்லை. அத்தை நலம், பொங்கல் வைத்த பாத்திரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள்.

நான்கு முறை புரட்டிவிட்டேன். முன் வருடங்களையும் பார்த்தேன். 1951, 53, 54. அக்காவின் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிறப்பில் ஒரு வரி, சில நாள் கழித்து இறப்பில் ஒரு வரி. மூன்றிலும் தகவல் கொடுத்தவர் உன் அய்யன். அப்படிப்பட்ட மனிதர் உன்னை மட்டும் எழுதிவைக்க மறந்தாரா? கேட்டு எழுது.

மருதாசலம்


வடக்குத் தோட்டம்,
10-5-1981

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அய்யனிடம் கேட்டேன். கேட்டதும் மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார். மோட்டார் ஓடவே இல்லை, கரண்ட்டும் இல்லை. அரை மணி நேரம் உள்ளேயே நின்றுகொண்டிருந்தார். மறுபடி சாப்பாட்டின்போது கேட்டேன். "பழைய புஸ்தகத்தையெல்லாம் கிளறாத" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். அம்மா மரவள்ளிக் குச்சிக்கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தாள். மூன்று பேருக்கு வேண்டிய கிழங்கைப் பதினைந்து பேருக்கு உரித்து வைத்தாள்.

அப்போது பிறப்பு இறப்பு எழுதிய கிராம முன்சீப்பு இறந்து பத்து வருடம் ஆகிறது. வேறு யாரைக் கேட்பது?

எனக்கு என்ன தோன்றுகிறது தெரியுமா? அய்யனுக்கு நான் போவதில் இஷ்டமில்லை. நேராகச் சொல்லிவிட்டால் சண்டையாவது போடலாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போதுகூட "இந்தத் தவிட்டுப் புள்ள" என்பார், இல்லையென்றால் "அந்தப் புள்ள" என்பார். "எம் புள்ள" என்று அவர் வாயில் நான் கேட்டதே இல்லை மாமா. முன்பு சிரிப்பேன். இப்போது அழுகை வருகிறது.

சௌந்திரம்


அஸ்தம்பட்டி,
16-5-1981

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

மருதாசலம் வணக்கம். தாங்களும் அக்காவும் சௌக்கியம் என நம்புகிறேன். இந்த வருடம் மஞ்சள் நன்றாக விளைந்ததாகக் கேள்விப்பட்டுச் சந்தோஷம்.

தங்களிடம் இதுவரை குரலுயர்த்திப் பேசியதில்லை. கடிதத்தில் குரல் கேட்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். பெண்ணை அனுப்ப இஷ்டமில்லை என்றால் அவளிடம் சொல்லுங்கள். வாயை மூடிக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் போய் நிற்பது தங்கள் வயதுக்கு அழகில்லை. நாலு வருடம் நாலு மனு போட்டிருக்கிறாள். ஒரு வரிக்காக அது பாழாகலாமா?

அன்று அவள் பிறந்ததைப் பதிவு செய்தீர்களா இல்லையா? ஆம் அல்லது இல்லை என்று ஒரு கார்டு போடுங்கள். ஜூன் 20 கெடு. தப்பாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். சரியாக எழுதியிருந்தால் பதில் போடவும்.

தங்கள் மைத்துனன்,
மருதாசலம்


(தபால் கார்டு)
30-5-1981

மாமாவுக்கு,

எல்லாரும் உயிரோடு சுகம். அய்யன் உங்களுக்குப் பதில் எழுதவில்லை என்று அம்மா சொன்னாள். உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார். நேற்று சட்டையை அதோடு சேர்த்துத் துவைத்துக் காயப்போட்டோம். இன்னும் இருபத்தோரு நாள். திருச்செங்கோட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். வந்தால் காபியில் உப்புப் போடலாமா என்று யோசிக்கிறேன்.

சௌந்திரம்


வடக்குத் தோட்டம்
3-6-81

மருதாசலத்துக்கு சின்னண்ணன் எழுதுவது.

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா.

எனக்கு எழுத்து வராது. பொறுத்துக்கொள்.

மூணு பிள்ளையை நான் போய்ச் சொல்லித்தான் முன்சீப்பு எழுதினார். எழுதின மை காயவில்லை, பிள்ளை இல்லை. நாலாவது இது பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டோம். நம்ம காட்டில் வேலை செய்த காத்தான் பெண்டாட்டி சின்னாயி எடுத்துக்கொண்டாள். உன் அக்கா ஒரு முறம் தவிடு கொடுத்து அவளிடம் விலைக்கு வாங்கினாள். எல்லா ஊரிலும் செய்வதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் மனசு கேட்கவில்லை. மேலே எவன் புஸ்தகம் பார்த்து எடுக்கிறானோ, அவன் புஸ்தகத்தில் என் பேர் இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

அந்த வருசப் புஸ்தகத்தில் காத்தான் பேருக்கு எழுதின வரியைப் பார்.

இது ஒருத்தருக்கும் தெரியாது. காத்தானுக்கும் தெரியாது. அவள் வீட்டை விட்டுப் போகிற வரைக்கும் எம் பிள்ளை என்று வாயால் சொல்வதில்லை என்று வைராக்கியம். பொய் எழுதினதுக்கு சர்க்கார் என்னைப் பிடிக்குமானால் பிடிக்கட்டும். அவள் படிப்புக் கெடவேண்டாம்.

சின்னண்ணன்


அஸ்தம்பட்டி,
14-6-1981

அன்பு அம்மணிக்கு,

மாமன் ஆசீர்வதித்து எழுதுவது. அத்தைக்கு வலி சுத்தமாக இல்லை; இன்று காலை தெருவில் நடந்து போனாள் என்றால் நம்புவாயா? நம்பு. மற்றதையும் நம்ப வேண்டியிருக்கும்.

உன் அய்யன் எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதை முதலில் படித்துவிட்டு மேலே வா.

படித்தாயா? மூக்கைத் துடைத்துக்கொள்.

கடிதம் கிடைத்ததும் அறைக்கு ஓடினேன். 1956, பக்கம் 41. 'நவம்பர் 7. பெண். தந்தை காத்தான். தாய் சின்னாயி. தொழில் கூலி.' நான்கு முறை என் விரல் கடந்துபோன வரி. தந்தை பெயர் கட்டத்தை மட்டும் பார்த்துப் பார்த்துத் தாண்டியிருக்கிறேன். கடைசிக் கட்டத்தைப் பார்க்கவில்லை அம்மணி. தகவல் கொடுத்தவர்: சின்னண்ணன். கோணல் மாணலாக அவர் கையெழுத்து. இருபத்தோரு வருட சர்வீஸ் என்று பீற்றிக்கொண்டேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். உன்னுடைய மிச்சமிருக்கும் ஒற்றைச் செருப்பே போதும்.

பொய் சொன்ன மனிதர் கையெழுத்தை மட்டும் மெய்யாகப் போட்டிருக்கிறார். அதுதான் நம்மைக் காப்பாற்றியது. அலுவலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார், இது திருத்தக்கூடிய பிழைதான். உன் பெற்றோரும், பதிவில் உள்ள பெற்றோரும் நேரில் வந்து வாக்குமூலம் கொடுத்தால் போதும்.

காத்தானும் சின்னாயியும் பத்து வருடமாக ஓமலூர்ப் பக்கம் செங்கல் சூளையில் இருக்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு நேற்றுப் போனேன். சொன்னேன். காத்தான் பீடியைக் கீழே போட்டுவிட்டான். "இருவத்தி நாலு வருசமா நான் அப்பனுங்களா? சர்க்காரு ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே" என்றான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

சின்னாயி கையிலிருந்த மண்ணைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த வரியில் அவள் பெயர் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தாய், சின்னாயி, என்று சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். மூன்றாம் தரமும் கேட்டாள்.

திருத்திவிட்டால் அவள் பெயர் அழிந்துவிடுமா என்பதுதான் அடுத்த கேள்வி. அப்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் உன் படிப்பு போச்சு. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் நான் பதில் சொல்லுமுன்பே, "அழிஞ்சாலும் பரவால்லீங்க, புள்ள படிக்கோணும்" என்றாள்.

பதினேழாம் தேதி எல்லாரும் ஆபீசுக்கு வருகிறார்கள். நீயும் அய்யனையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வா. அவர் மோட்டார் ரூமுக்குள் போனால் வெளியே இழுத்து வா.

மருதாசலம்


ஓமலூர்,
15-6-81

சின்னம்மணிக்கு, சின்னாயி சொல்லி, சந்தைக்கடை காகிதக்காரர் எழுதுவது.

நானும் உங்க காத்தானும் சுகமுங்க. நீங்க நல்லாருக்கோணும் சாமி.

அன்னைக்கு உங்கம்மா பண்ணாடிச்சி குடுத்த தவிட்டக் கோழிக்குப் போட்டுட்டனுங்க. புள்ளயத் தூக்கிக் குடுத்தது மட்டும் மறக்கலீங்க. அரை நாழிகைதான் மடியில இருந்துச்சு. எம் முந்தானையப் புடிச்சுட்டு உடமாட்டேன்னுச்சு.

எனக்கு ஒண்ணு வேணுமுங்க. அந்த ஆபீசுக்கார அய்யனுகிட்டச் சொல்லி, திருத்தறதுக்கு முந்தி, நாந்தான் தாயின்னு எழுதியிருக்கிற தாளு ஒண்ணு வாங்கிக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க.

பதினேழாந் தேதி வாரேனுங்க. மொதல் பஸ்ஸுக்கே வாரேன்.

கைநாட்டு: சின்னாயி


ந.க.எண். 412/81
நாள்: 18-6-1981

பொருள்: பிறப்புப் பதிவு – பிழை திருத்தம் – உத்தரவு.
பார்வை: 17-6-1981 அன்று பதிவு செய்யப்பட்ட வாக்குமூலங்கள் நான்கு.

1956-ஆம் ஆண்டுப் பதிவேடு, பக்கம் 41-இல் காணும் பதிவில் குழந்தையின் பெற்றோர் பெயர் தவறுதலாகப் பதியப்பட்டுள்ளது என்பது விசாரணையில் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. எனவே மூலப் பதிவில் எவ்வித மாற்றமும் செய்யாமல், ஓரத்தில் 'தந்தை சின்னண்ணன், தாய் வள்ளியாத்தாள்' எனத் திருத்தக் குறிப்பு எழுதி ஒப்பமிட உத்தரவிடப்படுகிறது. நகல் மனுதாரருக்கு இத்துடன் வழங்கப்படுகிறது.

(ஒப்பம்) அலுவலர்

அம்மணி, எல்லாரும் சுகம். உத்தரவை மறுபடி படி. 'மூலப் பதிவில் எவ்வித மாற்றமும் செய்யாமல்.' சட்டமே அதுதான். எழுதியதை அழிக்க யாருக்கும் அதிகாரமில்லை, கலெக்டருக்கும் இல்லை. சரியானதை ஓரத்தில்தான் எழுத வேண்டும். ஆக, நீ நடுவில் சின்னாயிக்குப் பிள்ளை, ஓரத்தில் உன் அம்மாவுக்குப் பிள்ளை. காகிதம் இற்றுப்போகும் வரைக்கும் இப்படித்தான்.

சின்னாயி கேட்ட நகலுக்கு அவளிடமே முறைப்படி மனு வாங்கினேன். 'குழந்தைக்கு மனுதாரர் என்ன உறவு' என்ற கட்டத்தில் 'தாய்' என்று எழுதி, அவள் கைநாட்டு வைத்தாள். விதிப்படி சரி. இருபத்தோரு வருடத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாக ஒரு படிவத்தை நிரப்பியதில்லை.

இன்றே புறப்பட்டு ஈரோட்டில் கொண்டுபோய்க் கொடு.

மருதாசலம்


விடுதி,
ஈரோடு,
5-7-1981

அன்புள்ள மாமா, அத்தை இருவருக்கும்,

உங்கள் சௌந்திரம் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு எழுதுகிறேன். சுகமாக இருக்கிறேன். சாப்பாடு சுமார், தண்ணீர் உப்பு, தோழிகள் தங்கம். அத்தையின் கால் இன்னும் நடக்கிறதா?

இங்கே வந்ததும் விடுதி அம்மா ஒரு படிவம் கொடுத்தார். என்னைப் பார்க்க வர அனுமதி உள்ளவர்கள் யார் யார் என்று கேட்டிருந்தது. தாய் என்ற இடத்தில் இரண்டு பெயர் எழுதினேன். விடுதி அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இரண்டுக்கும் ரிக்கார்டு இருக்கிறது என்று உங்கள் நகலை எடுத்து நீட்டினேன். நடுவையும் படித்தார், ஓரத்தையும் படித்தார். பிறகு முத்திரை குத்திவிட்டார்.

புறப்பட்ட நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு லீவு கிடைக்காமல் போனது பெரிய நஷ்டம். திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு அய்யனே கார்டு போட்டு நிறுத்திவிட்டார். அன்று விடிந்ததும் ஓமலூரிலிருந்து சின்னாயியும் காத்தானும் வந்து இறங்கினார்கள். எப்போதும்போல வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். அய்யன் போய், அவரே போய், உள்ளே கூப்பிட்டார். கூடத்தில் எங்களோடு ஒரே வரிசையில் இலை போட்டார். சின்னாயி உட்கார மாட்டேன் என்றாள். வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்தபோது சேர்ந்து உட்காரவில்லையா என்று அம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். நான் அவளை இதுவரை பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். அன்று முடியவில்லை. அம்மா என்று கூப்பிட்டேன், இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் சின்னாயி ஒரு துணி மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே முறம். முறம் நிறையத் தவிடு. பஸ்ஸில் சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். அதைக் கொண்டுபோய் என் அம்மாவின் முன்னால் வைத்தாள்.

"அன்னைக்கு வாங்குனதத் திருப்பிக் குடுத்தாச்சுங்க. புள்ளைய எங்கூட அனுப்புங்க, நான் பஸ்ஸேத்தி உடறேன்."

பிறகு அம்மா சிரித்தாள் மாமா. அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. காத்தான் சிரித்தான், நான் சிரித்தேன், மூன்றாவது எருமை வந்து தவிட்டில் வாய் வைக்கப் பார்த்தது. அய்யன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கினார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். துண்டை எடுத்தபோது கண் சிவந்திருந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு எல்லாரும் நடந்தே வந்தார்கள். டிரங்குப் பெட்டியை அய்யன் தூக்கிக்கொண்டார், தட்டுக்கூடையைச் சின்னாயி. வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மாதான் பதில் சொன்னாள். நான் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் விசில் ஊதப் போனார். அப்போது அய்யன் படியில் ஒரு காலை வைத்து ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுவதும் கேட்கச் சொன்னார்.

"இது எம் புள்ளைங்க. ஈரோட்டுல பாத்து எறக்கி உடுங்க."

சொல்லிவிட்டு இறங்கி நின்றார். நான் வீட்டை விட்டுப் போய்விட்டேன் அல்லவா, இனிச் சொல்லலாம். பஸ் கிளம்பியது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஏன் பெண்ணே அழுகிறாய் என்று கேட்டார். அழவில்லை, சிரிக்கிறேன் என்றேன்.

நாளை பிரசவ வார்டில் முதல் நாள். பிறக்கிற குழந்தைகளின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதும் வேலையையும் எங்களுக்குத்தான் கொடுப்பார்களாம். கவலைப்படாதீர்கள் மாமா, கடைசிக் கட்டத்தையும் பார்த்து எழுதுவேன்.

அத்தையிடம் ஒன்று கேளுங்கள்: அந்தச் சர்க்கரைப் பொங்கலை எனக்காக இன்னொரு தரம் வைப்பாளா? தீபாவளிக்கு வருவேன். என் பிறந்தநாளுக்கும் இருப்பேன்.

உங்கள்,
சௌந்திரம்